பழைய கிரேக்கமும் உரோமும் நம் பிள்ளைகளுக்கு எதற்கு?



சென்ற விடுமுறையில் எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்றிருந்தோம். விடியுமுன் பேருந்தில் ஏறி, ஜொகூர் பாலத்தில் வரிசையில் காத்து நின்று, சிராங்கூன் சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. பூக்கடைகள், வீரமாகாளியம்மன் கோயில், கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் எல்லாவற்றையும் பார்த்தோம். வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மாலையில் சிங்கப்பூர் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தோம். அங்கே பெரிய திடல் ஒன்று இருக்கிறது. திடலை ஒட்டினாற்போல் உயரமான தூண்களோடு இரண்டு கட்டடங்கள் நிற்கின்றன. ஒன்று 1929இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய நகர மண்டபம். மற்றொன்று 1939இல் திறக்கப்பட்ட பழைய உச்ச நீதிமன்றம். இரண்டும் சேர்ந்து 2015 முதல் தேசியக் கலைக்கூடமாக இருக்கின்றன. நகர மண்டபத்தின் முகப்பில் மட்டும் 18 தூண்கள். ஒவ்வொரு தூணின் உச்சியிலும் இலைகள் சுருண்டு விரிவது போன்ற வேலைப்பாடு.

பிள்ளைகளுக்குத் துணையாக வந்திருந்த தாய்மாரில் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சார், இது எந்தச் சாமி கோயில்?" என்று கேட்டார்.

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஆனால் அந்த அம்மா கேட்டதில் தவறே இல்லை. அந்தத் தூண் வடிவம் உண்மையிலேயே கோயில் தூணின் வடிவந்தான். பழைய கிரேக்கர் தங்கள் தெய்வங்களுக்கு எழுப்பிய கோயில்களில் வைத்தது அது. கிரேக்கரிடமிருந்து உரோமர் எடுத்துக்கொண்டார்கள். உரோமரிடமிருந்து ஐரோப்பியர் எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷார் அதைக் கப்பலேற்றி, தாங்கள் ஆண்ட ஊர்களிலெல்லாம் நீதிமன்றத்துக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் முகப்பாக வைத்தார்கள். "நாங்கள் உரோமரின் வாரிசுகள், ஆளப் பிறந்தவர்கள்" என்று வாயால் சொல்லாமல் கல்லால் சொல்லும் முறை அது.

அங்கிருந்து சில நிமிட நடையில் ஆசிய நாகரிக அரும்பொருளகம் இருக்கிறது. அதன் பழைய பகுதி 1860களில் எழுந்தது. அதுவும் உரோமானியச் சாயல் கொண்ட கட்டடந்தான். அதைக் கட்டியவர்கள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகள். 1825 முதல் சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த அவர்களில் சென்னை மாநிலத்துக்காரர்களும் இருந்தார்கள். இன்று அதிபர் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவும் 1869இல் அவர்கள் கையால் முடிந்ததே. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சீனி, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்துக் குழைத்துப் பூசும் சென்னைச் சுண்ணாம்புப் பூச்சை, செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்களில் செய்து காட்டியவர்களும் அவர்களே. கிரேக்கரின் தூண், உரோமரின் வளைவு, நம்மவரின் கொத்துக்கரண்டி!

திரும்பும் வழியில் பேருந்தில் அந்த அம்மா இன்னொரு கேள்வி கேட்டார். அவர் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குபவர். மூத்த மகள் எங்கள் பள்ளியில் படித்தவள்தான், எஸ்.டி.பி.எம். முடித்திருக்கிறாள்.

"பல்கலைக்கழகத்துல வரலாறு படிக்கப் போறேங்கிறா, சார். பழைய கிரேக்கம், ரோமாபுரின்னு ஒரு பாடமாம். செத்துப்போன வெள்ளைக்காரன் கதையைப் படிச்சு எங்க புள்ளைக்கு என்ன கிடைக்கப் போவுது?"

"அறிவு வளரும் அம்மா" என்று ஏதோ சொல்லி வைத்தோம். அவர் தலையாட்டிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரியான பதில் இல்லையென்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இன்று வானொலியில் சொல்ல முயல்கிறோம்.

முதலில், இந்தப் பாடம் பழைய முறையில் எப்படி இருந்தது என்று பார்ப்போம். நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது உலக நாகரிகக் குறிப்பேட்டில் கிரேக்கருக்குச் சில பக்கம், உரோமருக்குச் சில பக்கம். சாக்ரட்டீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில். பிறகு ஜூலியஸ் சீசர், அகஸ்டஸ். கிரேக்கர் சிந்தித்தார்கள், உரோமர் ஆண்டார்கள். சாலை போட்டார்கள், சட்டம் செய்தார்கள். மனப்பாடம் செய்தோம், தேர்வு எழுதினோம், மறந்தோம். அந்தச் சாலைக்குக் கல் சுமந்தவர் யார் என்று நாமும் கேட்கவில்லை, குறிப்பேட்டிலும் இல்லை.

பல்கலைக்கழகங்களில் இது பல நூறு ஆண்டு வழக்கம். இங்கிலாந்தில் கிரேக்கமும் இலத்தீனும் கற்றவனே கற்றவன். 1855இல் இந்திய ஆட்சிப் பணிக்குப் போட்டித் தேர்வு வைத்தார்கள். அதில் கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், இலத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கும் அரபுக்கும் தலா 375. இந்தியாவை ஆளப் போகிறவனுக்கு இந்தியாவின் பழைய மொழியைவிடக் கிரேக்கம் இருமடங்கு பெறுமானம் உள்ளது! தமிழைப் பற்றிப் பேச்சே இல்லை. 1896 முதல் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வரவேண்டிய அதிகாரிகளையும் அதே தேர்வு வழியாகத் தேர்ந்தெடுத்தார்கள். நம் பாட்டன்மார் கூலி கேட்டு நின்ற காலத்தில் மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருந்த மாவட்ட அதிகாரி ஓமரின் காவியத்தைக் கிரேக்க மொழியிலேயே படித்தவராக இருந்திருக்கலாம்.

இந்தப் படிப்புக்கு ஆங்கிலத்தில் 'கிளாசிக்ஸ்' என்று பெயர். இந்தச் சொல் பிறந்த கதையைக் கேளுங்கள். உரோமில் மக்களைச் சொத்து மதிப்பை வைத்து வகுப்பு வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்புச் செல்வருக்குக் 'கிளாசிக்குஸ்' என்று பெயர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஓர் உரோம எழுத்தாளர் அந்தச் சொல்லை உயர்ந்த நூலாசிரியர்களுக்குப் பயன்படுத்தினார். ஆக, முதல் வகுப்புக்காரனின் நூல் என்பதுதான் அதன் வேர்ப்பொருள். நாம் சொல்லும் 'செம்மொழி' என்ற சொல்லில் சொத்துக் கணக்கு இல்லை என்பதில் நமக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

அந்த முதல் வகுப்புச் செல்வர்களுக்குச் சொத்து எங்கே இருந்தது? தோட்டங்களில். ஆமாம், தோட்டங்கள்! இத்தாலி, சிசிலி நாடுகளில் திராட்சை, ஒலிவ மரம், கோதுமை பயிரிட்ட பெருந்தோட்டங்கள். வேலை செய்தவர்களில் பெரும் பகுதியினர் அடிமைகள். கேட்டோ என்ற உரோமப் பெரிய மனிதர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தோட்ட நிருவாகத்துக்கு ஒரு கையேடு எழுதினார். அந்தக் கையேடு இன்றும் கிடைக்கிறது. அதில் தோட்ட முதலாளிக்கு அவர் கூறும் அறிவுரைகளில் ஒன்று, வேண்டாததை விற்றுவிடு என்பது. எவற்றை விற்பது? கிழட்டு மாடு, பழைய வண்டி, பழைய இரும்புச் சாமான், வயதான அடிமை, நோயாளி அடிமை. எல்லாம் ஒரே பட்டியலில் வருகின்றன. உடுப்புக்கும் கணக்கு உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு போர்வை கொடு. புதியதைக் கொடுக்கும்போது பழையதைத் திருப்பி வாங்கிக்கொள், ஒட்டுப் போட்டுத் தைக்க உதவும் என்கிறார்.

தோட்டத்தில் 'விலிக்குஸ்' என்று ஒருவன் இருப்பான். அவனும் அடிமைதான், ஆனால் மற்ற அடிமைகளை வேலை வாங்குவது அவன் பொறுப்பு. காலையில் முதல் ஆளாகக் காட்டுக்குப் போகவேண்டும், மாலையில் கடைசி ஆளாகத் திரும்பவேண்டும் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் கொலுமெல்லா என்பவர் எழுதிவைத்திருக்கிறார். இதைப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்குக் 'கங்காணி' என்ற சொல் நினைவுக்கு வராமல் இருக்குமா? அதே கொலுமெல்லா, விலங்கிட்ட அடிமைகளை அடைக்க நிலத்தடியில் ஓர் அறை வேண்டும், சன்னல்கள் கை எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும் என்கிறார். மூன்று ஆண் பிள்ளைகளைப் பெற்ற அடிமைத் தாய்க்கு வேலையிலிருந்து விடுப்பு கொடுத்தேன், அதற்கு மேலும் பெற்றால் விடுதலையே கொடுத்தேன் என்று பெருந்தன்மையோடு சொல்லிக்கொள்கிறார். பிறந்த குழந்தைகள் யாருடைய சொத்து என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே ஒரு வார்த்தை. அடிமையும் ஒப்பந்தக் கூலியும் ஒன்றல்ல. நம் முன்னோரைச் சட்டப்படி யாரும் விலைக்கு வாங்கி உடைமையாக்கிக் கொள்ளவில்லை. மலாயாவில் இந்திய ஒப்பந்தக் கூலி முறையும் 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் வந்தவர்கள் வேறு வகை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வரலாறு ஆகாது. ஆனால் தோட்டம் என்பது எப்படி நடக்கிறது, கணக்கு எப்படி எழுதப்படுகிறது, இடையில் நிற்பவன் யாருக்குப் பயப்படுகிறான் என்பதெல்லாம் லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஒருவர் சொல்லித் தரவேண்டியதில்லை. கேட்டோவின் கையேட்டைப் பெரிய பேராசிரியர் படிப்பதைவிட ஆழமாக அந்தப் பிள்ளை படிக்கும் இடங்கள் இருக்கின்றன.

காவியத்துக்கு வருவோம். ஓமர் பாடியதாகச் சொல்லப்படும் 'ஒடிசி' என்ற கிரேக்கக் காவியத்தில் ஒடிசியுஸ் என்ற மன்னன் போருக்குப் போய், கடலில் அலைந்து, இருபதாம் ஆண்டில் பிச்சைக்காரன் வேடத்தில் வீடு திரும்புகிறான். வீட்டில் அவன் மனைவி பெனலப்பியை மணக்க விரும்பும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உட்கார்ந்து தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். மன்னன் அவர்களை எப்படிப் பழி வாங்கினான் என்பதைத்தான் காலங்காலமாக வகுப்பில் விவரிப்பார்கள்.

அதே காவியத்தில் ஒரு சிறு காட்சி. பழிவாங்கும் நாளின் விடியற்காலை. அரண்மனையில் மாவு அரைக்கும் திருகைகள் பன்னிரண்டு, அரைக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர். பதினொரு பேர் தங்கள் பங்கை முடித்துவிட்டுப் படுத்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் முடிக்கவில்லை. எல்லாரிலும் உடல் பலம் குறைந்தவள் அவள். இரவு முழுதும் அரைத்து முழங்கால் ஓய்ந்துவிட்டது. அப்போது வானம் தெளிந்திருக்க, இடி இடிக்கிறது. திருகையை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்து அவள் தெய்வத்திடம் வேண்டுகிறாள்: இந்த ஆட்கள் இந்த வீட்டில் சாப்பிடும் கடைசிச் சாப்பாடு இன்றையதாக இருக்கட்டும், இவர்களுக்கு மாவு அரைத்தே என் உடம்பு ஒடிந்தது என்கிறாள். அவளுக்குக் காவியத்தில் பெயர்கூட இல்லை. மறைந்து நின்ற மன்னன் அதைக் கேட்டு, நல்ல சகுனம் என்று மகிழ்கிறான். அவ்வளவுதான், கதை நகர்ந்துவிடுகிறது.

பழைய முறையில் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோவார்கள். இப்போதைய ஆசிரியர்கள் பலர் இங்கே நிற்கிறார்கள். இவள் யார், எங்கிருந்து வந்தாள், இவளைப் போல் அந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கச் சொல்கிறார்கள். காவியத்தின் முடிவில் அதே வீட்டுப் பெண்கள் பன்னிரண்டு பேரை மன்னனின் மகன் தூக்கிலிடுகிறான். அவர்களைப் 'பணிப்பெண்கள்' என்றே முந்தைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவும் எழுதின. 2017இல் எமிலி வில்சன் என்ற பெண்மணி புதிதாக மொழிபெயர்த்தபோது இப்படிப்பட்ட இடங்களில் 'அடிமை' என்ற சொல்லைப் போட்டார். மூலத்தின் பொருள் அதுதான். சம்பளம் வாங்கும் வேலைக்காரி என்று எண்ணிப் படிப்பதற்கும், வேலையை விட்டுப் போக வழியில்லாத அடிமை என்று தெரிந்து படிப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! ஒரு சொல்லைச் சரியாகப் போட்டதில் கதையே வேறாகிவிட்டது.

இதையெல்லாம் வைத்துத்தான் இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரிய வாதம் நடக்கிறது. டான்-எல் பதீயா பெரால்டா என்ற பேராசிரியர் அந்த வாதத்தின் நடுவே நிற்பவர். டொமினிக்கன் குடியரசில் பிறந்து, சிறுவனாக நியூயார்க் வந்து, குடியிருக்க அனுமதித்தாள் இல்லாத குடும்பத்தில், வீடற்றோர் விடுதியில் வளர்ந்தவர். அந்த விடுதியிலிருந்த புத்தகங்களுக்கிடையே கிரேக்கர், உரோமர் வாழ்க்கை பற்றிய பாடநூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதுவே அவரைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உரோம வரலாற்றுப் பேராசிரியர் ஆக்கியது. இப்படி இந்தப் படிப்பால் உயர்ந்தவரே, வெள்ளையரே உயர்ந்தவர் என்ற எண்ணத்துக்கு இந்தப் படிப்பு முட்டுக்கொடுத்து வந்திருக்கிறது, அடியோடு மாறாவிட்டால் இது இருந்து பயனில்லை என்கிறார்.

2021இல் அதே பிரின்ஸ்டனில், கிரேக்கமோ இலத்தீனோ கற்காமலேயே இத்துறையில் பட்டம் பெறலாம் என்று விதியை மாற்றினார்கள். பள்ளியில் இலத்தீன் சொல்லித்தர வசதியில்லாத ஏழைப் பிள்ளைகளுக்கும் வாசல் திறக்கவேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அதே ஆண்டில் கறுப்பின மக்களின் புகழ்பெற்ற ஹவர்டு பல்கலைக்கழகம் தன் கிளாசிக்ஸ் துறையையே கலைக்க முடிவு செய்தது. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் டோனி மாரிசன் மாணவியாக இருந்தபோது கிளாசிக்ஸை இரண்டாம் பாடமாகப் படித்த இடம் அது.

நம் கருத்தைக் கேட்டால், இந்த இரண்டுமே நமக்கு முழு நிறைவாக இல்லை. மொழி வேண்டாம் என்று விலக்கு அளிப்பதைவிட, மொழி தெரியாமல் வரும் பிள்ளைக்கு முதல் எழுத்திலிருந்து சொல்லித்தர ஓர் ஆசிரியரைப் போடுவதே மேல். தோட்டப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று சொல்லிக் கணக்கை எடுத்துவிட்டால் யாருக்கு இலாபம்? 'அடிமை' என்ற சொல்லை மீட்டெடுத்த மொழிபெயர்ப்பாளருக்கு மூலமொழி தெரிந்திருந்ததால்தானே அது முடிந்தது? துறையைக் கலைப்பதோ இன்னும் வருத்தம். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் எப்படியும் படித்துக்கொண்டுதான் இருப்பார்கள். விடுபடுவது மற்றவர்கள்.

மூன்றாவது வழி ஒன்றை முயன்று பார்த்த இடம் நமக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூரில் இருந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011இல் யேல்-என்யுஎஸ் கல்லூரியை நிறுவின. 2013இல் முதல் மாணவர்கள் வந்தார்கள். அறிவியல் படிக்க வந்தவரானாலும் பொருளியல் படிக்க வந்தவரானாலும் எல்லாரும் ஒரு பொதுப் பாடத்திட்டத்தைப் படிக்கவேண்டும். அதில் ஒடிசியும் இராமாயணமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அரிஸ்டாட்டிலைப் படிக்கும் மாணவர் கன்பூசியஸையும் படித்தார். கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸோடு சீன வரலாற்றாசிரியர் சிமா சியானையும் படித்தார்.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். இராமனும் வீடு திரும்புகிறான், ஒடிசியுஸும் வீடு திரும்புகிறான். சீதையும் காத்திருக்கிறாள், பெனலப்பியும் காத்திருக்கிறாள் என்று ஒற்றுமை எழுதுவது நம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையும் செய்யும் வேலை. புதுமை, வரிசையை எடுத்துவிட்டதில் இருக்கிறது. பழைய முறையில் கிரேக்கம் அளவுகோல். மற்றவை அதை வைத்து அளக்கப்படுபவை. இங்கே எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்தன. வீடு திரும்பிய கணவன் மனைவியைச் சோதிப்பதா, மனைவி கணவனைச் சோதிப்பதா என்று கேட்டுப் பாருங்கள். சீதை தீயில் இறங்குகிறாள். பெனலப்பியோ, வந்தவன் தன் கணவன்தானா என்று கட்டிலைப் பற்றிய ஓர் இரகசியத்தால் அவனைச் சோதிக்கிறாள். அருகருகே வைத்தால்தான் இந்தக் கேள்வியே பிறக்கும்.

குறையும் உண்டு. உலகத்தின் பெருநூல்களையெல்லாம் ஒரே ஆண்டில் சுற்றிவந்தால், ஊருக்கு ஒரு நாள் தங்கும் சுற்றுலாப் பயணிபோல ஆகிவிடும் என்று நமக்குத் தோன்றுகிறது. இன்னொரு குறை நம் மனத்துக்கு நெருக்கமானது. இந்தியா என்றால் இராமாயணம், அதுவும் வால்மீகியின் இராமாயணம் என்று உலகம் நினைத்துப் பழகிவிட்டது. கம்பனுக்கும் இளங்கோவுக்கும் அந்த மேசையில் நாற்காலி போடுவது யார்?

அந்தக் கல்லூரி நிலைக்கவில்லை. 2021 ஆகஸ்டில் அதை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள் பலர் செய்தி கேட்டுக் கலங்கிப்போனார்கள். 2022இல் என்யுஎஸ் கல்லூரி என்ற புதிய அமைப்பு தொடங்கியது. பழைய கல்லூரியின் கடைசி மாணவர்கள் 2025இல் பட்டம் பெற்று வெளியேறினார்கள். பன்னிரண்டே ஆண்டு வாழ்வு. ஆனால் செய்து பார்க்க முடியும் என்று அது காட்டிவிட்டது.

நாற்காலி போடுவது யார் என்று கேட்டோமே, அதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது சிங்கப்பூரில்தான். அங்கே இந்திய ஆய்வியல் துறை ஒன்றைத் தொடங்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அதற்குச் சமஸ்கிருதமே மைய மொழியாகலாம் என்ற பரிந்துரை வந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் இந்தியரில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் மொழிக்கு இடமில்லையா? 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார்கள். பெரும்புள்ளிகள் மட்டும் கொடுத்த நிதியல்ல அது. உழைக்கும் மக்கள் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். 1956இல் தொடங்கிய அந்தத் துறையில் தமிழ் இடம்பெற்றது. பின்னர் துறை கோலாலம்பூருக்கு மாறியது. பல்கலைக்கழகம் எதைப் பழம்பெருமை என்று மதிக்கவேண்டும் என்ற வாதத்தில், பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர்கள் சில்லறை கொடுத்துக் கலந்துகொண்டார்கள்! அமெரிக்கப் பேராசிரியர்கள் 2021இல் கேட்ட கேள்வியை நம்மவர்கள் 1950களிலேயே கேட்டுவிட்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

அந்தத் துறைக்கு 1961இல் தலைவராக வந்தவர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்து, உரோம் நகரத்திலேயே படித்தவர். இலத்தீனில் மூழ்கிய பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து சங்க இலக்கியத்தைக் கற்றார். அதனால் அவருக்கு இரண்டு கண்ணும் திறந்திருந்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய தொடக்கப் பேருரையே இந்தியச் சிந்தனையையும் உரோமரின் ஸ்டோயிக் தத்துவத்தையும் ஒப்பிட்டதுதான். ஸ்டோயிக் தத்துவ ஞானிகளில் இருவரைச் சொல்லலாம். செனெக்கா பெருஞ்செல்வர், அடிமைகளும் மனிதர்களே, அவர்களோடு சேர்ந்து உண் என்று எழுதினார், தாமும் அடிமைகளை வைத்திருந்தார். எப்பிக்டெட்டஸ் அடிமையாகவே வாழ்க்கையைத் தொடங்கியவர். அந்தப் பெயருக்கே 'வாங்கப்பட்டவன்' என்று பொருள். பிற்காலத்தில் உரோமப் பேரரசர் ஒருவரே அவருடைய போதனைகளைப் படித்துத் தேறினார். 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை அடிகளார் கோலாலம்பூரில் நடத்தினார். தமிழைக் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் சமமான இருக்கையில் வைத்து உலக அறிஞரைப் பேசவைத்த கூட்டம் அது. இந்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது அதற்குப் பின் 38 ஆண்டு கழித்து, 2004இல்.

இதை வீண் பெருமையாகச் சொல்லவில்லை. கிரேக்கம், உரோமம், தமிழ் ஆகியவை தனித்தனித் தீவுகளாக இருந்ததே இல்லை. சிலப்பதிகாரத்தில் புகார் நகரில் யவனர் குடியிருப்பு வருகிறது. வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, முசிறியோடு நடந்த வாணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். அந்தக் கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு ஏறக்குறைய 70 இலட்சம் உரோம நாணயம். ஆண்டுக்கு ஐந்து கோடி நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று பிளினி என்ற உரோமர் புலம்பினார். அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி நமது மலாயாத் தீபகற்பத்தைப் 'பொன் தீபகற்பம்' என்று எழுதிவைத்தார். தென் தாய்லாந்தில் குளோங் தோம் என்ற ஊரில், பொன் உரைத்துப் பார்க்கும் சிறு கல் ஒன்று கிடைத்தது. அதில் தமிழ் எழுத்தில், பெரும்பத்தன் என்பவரின் கல் என்று பொறித்திருக்கிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுக்கு முந்தைய தமிழ்த் தட்டாரின் உரைகல்! அதே இடத்தில் உரோம நாட்டுச் சாயல் கொண்ட முத்திரைக் கற்களும் கிடைத்திருக்கின்றன. உரோம வரலாறு என்று ஒரு பாடமும் தென்கிழக்காசிய வரலாறு என்று இன்னொரு பாடமும் வைத்து நடுவில் சுவர் எழுப்பினால், பெரும்பத்தனை எந்த வகுப்பில் உட்கார வைப்பது?

சில வாரம் கழித்து அந்த அம்மாவை மாலை நேரத்தில் லயத்து வாசலில் சந்தித்தோம். இந்த முறை "அறிவு வளரும்" என்று சொல்லவில்லை. திருகையில் மாவு அரைத்த பெண்ணின் கதையைச் சொன்னோம். உதிரிப்பழச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார். மகள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே அவனுங்க எல்லாம் செத்தானுங்களா, சார்?"

"ஆமாம்மா, அன்றைக்கே."

"அப்போ அந்தப் பொம்பளை? அவளை விட்டுட்டாங்களா, இல்ல மறுநாளும் அரைச்சாளா?"

காவியத்தில் அதற்குப் பதில் இல்லை என்றோம். "எழுதாம விட்டுட்டாங்களா?" என்று கேட்டு, அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.